துரைசாமியின் குடும்பப் படகு

மராத்திச் சீமையில் இருக்கும் தேஹு ரோடு என்ற ஊருக்கு வந்து துரைசாமி வீடு எது என்று கேட்டால், எந்தத் துரைசாமி என்று திருப்பிக் கேட்பார்கள். படகுத் துரைசாமி என்று சொன்னால் போதும், யாராவது வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். கடலைப் பார்க்க வேண்டுமானால் மலையிறங்கிப் பல மணி நேரம் போக வேண்டிய ஊர் அது. அங்கே ஒரு மனிதருக்குப் படகு பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது என்றால் அதற்கு ஒரு கதை இருக்கத்தான் செய்யும்.

அவருடைய அப்பா குடியாத்தத்திலிருந்து யுத்த காலத்தில் ராணுவக் கிடங்குக்கு மூட்டை தூக்க வந்தவர். மகன் அதே கிடங்கில் இருபத்தேழு வருஷம் ஸ்டோர் வேலை பார்த்தார். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் கையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். சாமி இல்லை, பேய் இல்லை, சாதி என்பது ஏமாற்று என்று குவார்ட்டர்ஸில் வருகிறவன் போகிறவனையெல்லாம் நிறுத்திச் சொல்வார். ஒரு வருஷம் தீமிதித் திருவிழாவில், விரதமும் இல்லாமல் மாலையும் இல்லாமல், செய்தித்தாளைப் படித்துக்கொண்டே குண்டத்தில் இறங்கி நடந்து காட்டினார். காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை என்று ஊரெல்லாம் சொன்னார். அன்று மாலை கொப்புளத்துக்கு எண்ணெய் தடவியது அவர் மனைவி லீலாவுக்கு மட்டும்தான் தெரியும்.

1995இல் விருப்ப ஓய்வு வாங்கினார். வயது நாற்பத்தேழு. வீட்டில் சும்மா இருக்க முடியாத ஆள். பழைய இரும்பு வியாபாரி காசிம் அவருக்குக் கிடங்கு நாளிலிருந்து சிநேகிதர். ராணுவ ஏலத்தில் கழித்துக் கட்டிய அலுமினியப் படகு ஒன்றைக் காசிம் மற்ற தட்டுமுட்டுகளோடு எடுத்திருந்தார். உருக்குவதற்குத்தான் எடுத்தார். துரைசாமி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மியான், இத உருக்காத. எனக்குக் குடு."

"வெச்சுக்கினு இன்னா பண்ணுவே? குளிக்கற தொட்டியா?"

ரயிலில் காம்ஷேட் போய் இறங்கி, அங்கிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம் போனால் ஒரு அணை வரும். அதன் நீர்ப்பரப்பு மலைகளுக்கு நடுவே கைவிரல்கள் மாதிரிப் பிரிந்து கிடக்கும். துரைசாமி விடுமுறை நாட்களில் அங்கே தூண்டில் போடப் போவதுண்டு. அந்தக் காலத்தில் ஏரிக்கரைக்கு வருகிறவர்கள் பாட்டிலோடு வரும் இளவட்டங்கள்தான். ஒரு பெண்ணோ குழந்தையோ கண்ணில் படாது. குடும்பத்தோடு வந்து படகில் உட்கார்ந்து மீன் பிடித்து, அதைக் கரையிலேயே வறுத்துத் தின்றுவிட்டுப் போனால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

லீலாவிடம் திட்டத்தைச் சொன்னார். அவள் கேட்ட முதல் கேள்வி மீனைப் பற்றியும் இல்லை, படகைப் பற்றியும் இல்லை.

"ஆம்பளைங்க நீங்க எங்க வேணா நின்னுக்கினு போயிடுவீங்க. பொம்பள எங்க போவா? அத மொதல்ல கட்டுங்க. அப்பறம் படகு வுடலாம்."

கரையில் தகரம் அடித்து, தொட்டி வெட்டி, ஒரு கழிப்பறை கட்டினார்கள். அந்த ஏரிக்கரையில் பெண்களுக்கென்று எழுந்த முதல் கட்டடம் அதுதான். மராத்தி, இந்தி, தமிழ் என்று மூன்று எழுத்திலும் பலகை வைத்தார்கள்: குடும்பத்தோடு மீன் பிடிக்கலாம். மது கூடாது. பெண்களுக்குக் கழிப்பறை உண்டு. அந்த மூன்றாவது வரியைப் படித்துவிட்டுத்தான் ஜீப்பை நிறுத்தினோம் என்று பல பெண்கள் பின்னால் லீலாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஏரியில் படகு விட மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் உரிமம் வேண்டும். அணைக்கு நிலம் கொடுத்தவர்களின் சங்கம் அது. உரிமத்தைத் துரைசாமி வாங்கிவிட்டார். ஆனால் அவருக்கு நீச்சல் தெரியாது. ஏரியின் அடியும் தெரியாது. அதற்குத்தான் பார்கூ வந்தான்.

பார்கூ வாக்மாரே காத்கரி என்ற பழங்குடிச் சாதிக்காரன். முப்பத்தைந்து வயதிருக்கும். அணை கட்டியபோது அவர்களுடைய குடிசைகளும் முழுகின. ஆனால் அவர்கள் குடிசை போட்டிருந்த மேட்டுக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் நஷ்டஈடு கிடையாது, நஷ்டஈடு வாங்காததால் சங்கத்தில் உறுப்பினர் இடமும் கிடையாது. தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றில் மீன் பிடித்தவர்கள், ஆறு ஏரியான பிறகு அதே மீனை அடுத்தவனுக்குக் கூலிக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். இதைக் கேட்டபோது துரைசாமிக்கு ரத்தம் கொதித்தது. சங்கச் செயலாளரிடம் போய் ஒரு மணி நேரம் சண்டை போட்டார். செயலாளர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்.

பார்கூ படகைத் தண்ணீருக்கடியில் இருக்கும் ஊரை வைத்துத்தான் ஓட்டுவான். இப்போது பள்ளிக்கூடத்து மேலே போகிறோம் என்பான். இது ஊர்த்தலைவர் பாட்டீலுடைய களம், இது மாந்தோப்பு, இது தேவி கோயில் என்பான். குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு குனிந்து பார்ப்பார்கள். பச்சைத் தண்ணீர்தான் தெரியும். ஆனாலும் பார்ப்பார்கள்.

தொழிலின் சூட்சுமமும் அவனுடையதுதான். படகில் ஏறுகிற ஒரு குழந்தையும் மீன் பிடிக்காமல் இறங்கக் கூடாது என்பது துரைசாமியின் சட்டம். சட்டத்தை மீனிடம் யார் போய்ச் சொல்வது? பார்கூ சொன்னான். கடலைப் பிண்ணாக்கையும் கோதுமை மாவையும் பிசைந்து உருண்டை பிடித்து, வாரத்தில் நாலு நாள் காலையில் ஒரே இடத்தில் போய்ப் போட்டுவிட்டு வருவான். ஞாயிற்றுக்கிழமைக்குள் ரோகுவும் கட்லாவும் அந்த இடத்துக்கு வந்து பழகியிருக்கும். படகை அங்கே நிறுத்தி ஐந்து வயதுக் குழந்தை தூண்டிலை விட்டாலும் கடிக்கும். தீனி போட்ட இடம் என்று அதற்குப் பெயர். அந்த இடத்தை விட்டு முப்பது அடி தள்ளி நிறுத்தினால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒன்றும் கிடைக்காது.

தொழில் வளர்ந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கையில் காசும் இருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. தமிழ் பேசும் படகுக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் மனைவி மீன் குழம்பு ஊற்றிச் சோறு போடுகிறார் என்று தெரிந்ததும் வாராவாரம் வந்தார்கள். பார்கூவைப் பற்றி ஒரு சிலர் மட்டும் தயங்கினார்கள். அந்த ஆள் குடிப்பானா, குழந்தைகள் இருக்கிற படகாச்சே என்று கேட்பார்கள். துரைசாமி எரிந்து விழுவார். ஆறு வருஷமாகத் தெரியும், படகில் ஏறும் நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை என்பார். அது உண்மை.

2002 மே மாதம். அந்த வருஷம் அணை வேகமாக வற்றியது. சனிக்கிழமை காலையில் தீனி போட்டுவிட்டு வந்த பார்கூ, நாளைக்கு அந்த இடத்துக்குப் போகக் கூடாது என்றான். தீனி போட்ட இடம் மாந்தோப்புக்கு நேர் மேலே இருந்தது. மரங்களை வெட்டாமலேயே தண்ணீரை விட்டவர்கள் அந்த அணையைக் கட்டியவர்கள். பட்டுப்போன மாமரங்கள் இன்னும் அடியில் நின்றுகொண்டிருந்தன. உச்சிக் கட்டைகள் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழத்துக்குள் வந்துவிட்டன என்று கையால் அளந்து காட்டினான்.

வேறு இடம் பார்த்தால் என்ன என்று துரைசாமி கேட்டார். வேறு இடத்தில் தீனி போட்டுப் பழக்க நாலு நாளாகும், நாளைக்கு மீன் கிடைக்காது என்றான் பார்கூ. படகு முழுவதையும் ஒரே குடும்பம் எடுத்திருந்தது. அந்தக் குழந்தை மீனுக்காக ஒரு மாதமாகக் காத்திருக்கிறது என்று போனில் சொல்லியிருந்தார்கள்.

"மெதுவாப் போனா ஆகாதா?"

"மெதுவாப் போனாலும் கட்டை கட்டைதான், அண்ணா. நான் ஓட்ட மாட்டேன்."

"நீ ஓட்டலேன்னா போ. நான் ஓட்டறேன்."

லீலா கரையிலிருந்த அடுப்பைத் துடைத்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு வந்தவர்கள் நாலு பேர். பாலச்சந்திரன், அவர் மனைவி கிருஷ்ணப்ரியா, ஏழு வயது மகள் ப்ரீத்தி, பாலச்சந்திரனின் அப்பா சந்திரமௌலி. சென்னையிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பெரியவர் மீன் சாப்பிடாதவர். பேத்தி பிடிக்கிற மீனைத் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும் என்று அவளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உயிர்காப்புச் சட்டை மூன்று இருந்தன. மூன்றும் குழந்தை அளவு. ப்ரீத்திக்கு ஒன்று மாட்டிவிட்டார்கள்.

துரைசாமி பின்பக்கம் உட்கார்ந்து எஞ்சினைப் பிடித்தார். பார்கூ வராமல் இருந்திருக்கலாம். ஆனால் வந்தான். முன்பக்கம் ஒரு மூங்கில் கழியோடு உட்கார்ந்து தண்ணீரைத் துழாவிக்கொண்டே, இடது பக்கம், இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். தீனி போட்ட இடத்துக்குப் பத்து கஜம் இருக்கும்போது ப்ரீத்தி எழுந்து மீன் துள்ளுகிறது என்று கையைக் காட்டினாள். துரைசாமி அந்தப் பக்கம் பார்த்தார். அந்த நொடியில் படகின் வயிறு எதன் மேலோ ஏறியது, சாய்ந்தது, கவிழ்ந்தது.

பார்கூ முதலில் குழந்தையைப் பிடித்தான். சட்டை அவளை மிதக்கவிட்டிருந்தது, ஆனால் கிளைகளுக்குள் சிக்கியிருந்தாள். அவளைப் பிரித்தெடுத்து, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் அம்மாவிடம் கொடுத்தான். பாலச்சந்திரனும் துரைசாமியும் படகின் மறுபக்கத்தைப் பிடித்துத் தொங்கினார்கள். பெரியவரைக் காணவில்லை. பார்கூ மூன்று தடவை மூழ்கினான். மூன்றாம் தடவை கொண்டுவந்தான். மூச்சு நின்றிருந்தது.

வேறு படகு வந்து அவர்களைக் கரை சேர்த்தது. குழந்தையைத் துண்டில் சுற்றித் துரைசாமி கரைக்குத் தூக்கி வந்தார். நடுங்கிக்கொண்டிருந்த பார்கூவுக்குக் கரையிலிருந்த யாரோ ஒரு தம்ளர் மொஹுவா என்ற இலுப்பைப்பூச் சாராயம் கொடுத்தார்கள். குளிருக்குக் கொடுத்தார்கள். அவன் வாங்கிக் குடித்தான்.

போலீஸ் ஹவல்தார் வந்தபோது முதலில் அவன் பக்கத்தில் போய்த்தான் மூக்கை நீட்டினார். ஒரு சாதிக்கே குடிகாரன் என்றும் திருடன் என்றும் முத்திரை குத்தி நூறு வருஷம் பழகிவிட்ட நாடு இது. விசாரணை அந்த மூக்கோடு முடிந்துவிட்டது. மிச்சம் எழுத்து வேலைதான். அதற்காகப் பாலச்சந்திரனிடம் வந்தார். படகை யார் ஓட்டியது என்று மராத்தியில் கேட்டார். பாலச்சந்திரனுக்கு மராத்தி தெரியாது, இந்தியும் அரைகுறை. அங்கே இரண்டு பாஷையும் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். துரைசாமி கேள்வியைத் தமிழில் சொன்னார்.

பாலச்சந்திரன் அப்பாவின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்து, "நீங்கதானே சார் ஓட்டினீங்க... எனக்கு ஒண்ணுமே புரியலயே" என்றார்.

துரைசாமி ஹவல்தார் பக்கம் திரும்பினார். தனக்கு ஒன்றும் புரியவில்லை என்று சொல்கிறார் என்று மராத்தியில் சொன்னார்.

முதல் பாதியை விழுங்கிவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதை எண்ணி எண்ணித்தான் பின்னால் அவர் தன்னையே வெறுத்தார். பொய் சொல்லியிருந்தால் பொய் சொன்னோம் என்றாவது இருந்திருக்கும்.

ஹவல்தார் தலையை ஆட்டிக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார். படகோட்டி பார்கூ வாக்மாரே, குடிபோதையில். பாலச்சந்திரன் தனக்குப் படிக்கத் தெரியாத அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். பார்கூவுக்குப் படிக்கத் தெரியாது, காது கேட்கும். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். ஜீப்பில் ஏற்றும்போது ஒரே ஒரு தடவை, "அண்ணா" என்றான். துரைசாமி கரையில் கிடந்த துடுப்பை எடுத்துச் சாத்தி வைக்கப் போய்விட்டார்.

மறுநாள் வட்டாரப் பத்திரிகையில் துரைசாமி துண்டு சுற்றிய குழந்தையோடு நிற்கும் படம் வந்தது. குடித்த படகோட்டியால் முதியவர் பலி, குழந்தையைக் காப்பாற்றினார் உரிமையாளர்.

லீலா படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஓட்டனது யாரு?"

அவர் பத்திரிகையை அவள் கையிலிருந்து வாங்கி மடித்தார்.

"அவன் சனிக்கெழமையே மாட்டேன்னான். நான் அங்கதான இருந்தேன்."

"என்னை உள்ள போடுவாங்கடி. படகு போயிடும். எல்லாம் போயிடும். அவனை நான் வெளிய எடுத்துடறேன். நாலு நாள்ல எடுத்துடறேன்."

நாலு நாளில் எடுக்கவில்லை. ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். ஆனால் சொத்துள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும். பார்கூவின் ஜனங்களில் யாருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. துரைசாமி தானே நிற்கலாம் என்று வக்கீலிடம் போனார். நீங்கள் போய் நின்றால் உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேள்வி வரும், வேண்டாம் என்றார் வக்கீல். துரைசாமி அந்தப் பதிலுக்காகவே போனவர் மாதிரித் திரும்பி வந்தார். பார்கூ நாலு மாதம் உள்ளே கிடந்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இருந்த நாளையே தண்டனையாகக் கழித்துவிட்டு இன்றே அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஒப்புக்கொண்டான். விட்டுவிட்டார்கள். இப்படித்தான் இந்த நாட்டில் ஏழைகள் செய்யாத குற்றங்களையெல்லாம் செய்கிறார்கள்.

அந்த நாலு மாதமும் துரைசாமி பார்கூவின் மனைவிக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார். முதல் தடவை அவள் அவருடைய காலைத் தொட்டுக் கும்பிட்டாள். காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அந்தத் தொடுதல் பல வருஷம் அவர் கால்மேல் இருந்தது.

படகைத் திரும்ப விடும் பேச்சு வந்தபோது ஊர் இன்னொன்று சொன்னது. முழுகிப் போன கோயிலின் தேவி பலி கேட்டாள், எடுத்துக்கொண்டாள், பூஜை போட்டால்தான் தண்ணீரில் இறங்கலாம் என்றார்கள். தீயில் செய்தித்தாள் படித்தவர் கரையில் நின்று தேவிக்குத் தேங்காய் உடைத்தார். செயலாளருக்குப் பரம திருப்தி. தேஹு ரோட்டுச் சிநேகிதர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். வாடிக்கையாளர்களுக்காக ஒரு சடங்குதானே என்று அவர் சமாளித்தார். லீலா சிரிக்கவில்லை.

"சாமி இல்லைன்னு இருவது வருசமா என் உசுர வாங்கினீங்க. இப்ப உங்களுக்குப் பதிலா பழி ஏத்துக்கறதுக்கு மட்டும் சாமி வேணுமா?"

அதற்குப் பிறகு அவள் கரைக்கு வந்து சமைப்பதை நிறுத்திவிட்டாள். அவர் ஒரு சமையல்காரரை வைத்துக்கொண்டார். தொழில் முன்னைவிட நன்றாகவே நடந்தது. எல்லோருக்கும் உயிர்காப்புச் சட்டை வாங்கினார், பெரியவர்களுக்கும் சேர்த்து. இரண்டாவது படகு வாங்கினார். ஒவ்வொரு வருஷமும் மே மாதத்தில் மாந்தோப்புப் பக்கம் சிவப்புத் துணி கட்டிய மூங்கில்களை நட்டார். பாதுகாப்பு என்றால் துரைசாமி படகுதான் என்று பெயர் வந்தது. அவரைப் பார்த்து வேறு ஆறு பேர் படகு விட்டார்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் காத்கரிகள்தான் என்பதால் அவர்களில் பதினோரு பேருக்கு வேலை கிடைத்தது. பார்கூவை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அவன் செங்கல் சூளைக்குப் போனான். துரைசாமி ஒரு தடவை கூப்பிட்டு ஆள் அனுப்பினார். வரவில்லை. வராதது அவருக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததே என்று பிறகு வெட்கப்பட்டார்.

பாலச்சந்திரன் குடும்பம் காரியங்களுக்குச் சென்னை போனது, பிறகு அங்கிருந்து வெளிநாடு போய்விட்டது என்று கேள்வி. புத்தகம் படிப்பது துரைசாமிக்கு விட்டுப்போயிற்று. அநியாயத்தைப் பற்றி எவன் எழுதியதைப் படித்தாலும் நாலாவது வரியில் தன் முகம் தெரிகிறது என்று காசிமிடம் ஒரு தடவை சொன்னார். காசிம் கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

2006 பிப்ரவரியில் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. 2002 விபத்தைக் கருத்தில் கொண்டு, பயணிகள் படகுகளில் காத்கரி சமூகத்தினரை ஓட்டுநராக வைக்கக் கூடாது. குடிப்பழக்கம் உள்ள சமூகம் என்பது காரணம். தீர்மானத்தைக் கொண்டுவந்து கொடுத்த செயலாளர், உங்கள் படகுக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது பாருங்கள் என்று துரைசாமியின் தோளைத் தட்டினார். பதினோரு பேரும் அந்த வாரமே இறக்கிவிடப்பட்டார்கள்.

துரைசாமி அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தார். அவர் விழுங்கிய பாதி வாக்கியம் ஒரு மனிதனைத் தின்று முடித்துவிட்டு இப்போது ஒரு சேரியையே தின்ன உட்கார்ந்திருந்தது. நாலாம் நாள் பார்கூவின் குடிசைக்குப் போனார். காலை பத்து மணி. பார்கூ வாசலில் கோழிக்கூண்டு பின்னிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது.

துரைசாமி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். "அன்னிக்கு ஓட்டினது நான். அந்த மெட்ராஸ்காரர் அதைத்தான் சொன்னார். நான் மாத்திட்டேன்."

பார்கூ பின்னுவதை நிறுத்தவில்லை.

"இத ஏன் எங்கிட்ட சொல்றே, அண்ணா? நான் படகுலதானே இருந்தேன்."

"மன்னிச்சுடுன்னு கேட்க வந்தேன்."

"தெரியாதவங்க ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. அவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

உள்ளேயிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். இந்தத் தடவை அவள் கும்பிடவில்லை.

அன்று துரைசாமி வீட்டுக்கு வந்து லீலாவிடம், சங்கத்தில் சொல்லப் போகிறேன் என்றார். லீலா அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்த்து வைத்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அவருக்காக அவள் மனமொப்பிச் செய்த வேலை அது.

அதற்குப் பிறகு நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. காவல் நிலையத்தில் அந்தக் கேஸ் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நாலாம் தடவை வேறு வழியில்லாமல் எழுதிக்கொண்டார்கள். உரிமம் போயிற்று. இரண்டு படகுகளையும் விற்றார். வழக்கு நடந்தது, எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். தேஹு ரோட்டில் பாதிப் பேர் அவரைப் பைத்தியக்காரன் என்றார்கள், மீதிப் பேர் இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன என்றார்கள். இரண்டாவது கூட்டத்தோடு அவர் ஒத்துப்போனார். ஆனால் அவர் வாழ்க்கையை எழுதுகிறவன் கடைசியாகச் சொல்ல வேண்டியது மார்ச் மாதம் நடந்த சங்கக் கூட்டத்தைத்தான்.

பள்ளிக்கூடத்து அறையில் கூட்டம். உறுப்பினர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். உறுப்பினர் அல்லாத பார்கூவும் அந்தப் பதினோரு பேரும் வெளியே ஜன்னலோரம் நின்றார்கள். துரைசாமி எழுந்து சொன்னார். சனிக்கிழமை பார்கூ எச்சரித்ததைச் சொன்னார். தான் பிடிவாதம் பிடித்ததை, தான் ஓட்டியதை, கரையேறிய பிறகு குளிருக்குத்தான் பார்கூ குடித்தான் என்பதை, பாலச்சந்திரன் சொன்னதில் பாதியை விழுங்கியதை, ஒவ்வொன்றாகச் சொன்னார். நாற்பது வருஷம் பேசிய மராத்தி அன்றைக்கு அவருக்குத் தடுமாறியது.

அறையில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. ஒரு முதியவர், இவருக்கு வெயில் பட்டிருக்கிறது என்றார். செயலாளர் சமாதானமாகப் பேசினார்.

"அண்ணா, நாலு வருஷம் ஆச்சு. செத்தவரோட ஆளுங்களே மறந்திருப்பாங்க. நீங்க நல்ல மனுஷன். உக்காருங்க."

"நான் நல்ல மனுஷன் இல்லைன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன். எழுதிக்கோங்க."

"எழுதினா தீர்மானம் என்னாகும்?"

"செல்லாமப் போகும். அதுக்குத்தான் எழுதச் சொல்றேன்."

சலசலப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. எழுதாவிட்டால் நேரே மாவட்ட அதிகாரியிடம் போவேன் என்று துரைசாமி சொன்ன பிறகுதான் எழுத்தர் நோட்டைத் திறந்தார். செயலாளர் எரிச்சலோடு ஜன்னல் பக்கம் திரும்பி, என்னப்பா உனக்கு என்னதான் வேண்டும் என்று பார்கூவைக் கேட்டார். பார்கூ சுற்றிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றான். உள்ளே வரவில்லை.

"மூணு விஷயம் எழுதணும். நான் குடிக்கல. நான் ஓட்டல. அந்தக் குழந்தைய எடுத்தது நான்."

முதல் இரண்டையும் துரைசாமி சொல்லியிருந்தார். மூன்றாவதைச் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை, நினைவுக்கே வரவில்லை. அவ்வளவு காலம் அந்தப் பத்திரிகைப் படத்தை நாலு பேர் பாராட்டிப் பாராட்டி அது அவருடைய சொத்தாகவே ஆகிவிட்டிருந்தது. தான் திருடிய பொருள் ஒன்று இன்னும் தன் பையில் இருப்பதைப் பலர் முன்னால் கண்டுபிடித்தவனைப் போல அவர் நின்றார். பிறகு எழுத்தரிடம், எழுதுங்கள், குழந்தையைக் காப்பாற்றியவர் பார்கூ வாக்மாரே, நான் கரையில் தூக்கிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான் என்றார்.

எழுதி முடித்ததும் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் நோட்டை மூடப் போனார். படித்துக் காட்டுங்கள் என்றான் பார்கூ. எழுத்தர் படிக்க ஆரம்பித்தார்.

"நீ வேணாம். அண்ணா படிக்கட்டும்."

துரைசாமி நோட்டை வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் பார்கூ ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கிருப்பவர்களுக்குக் கேட்டதா என்றான். சரியாகக் கேட்கவில்லை என்றார்கள்.

"அண்ணா, இன்னொரு தடவை. கொஞ்சம் சத்தமா."

துரைசாமி முதல் வரிக்கு விரலைக் கொண்டுபோனார்.